கஷ்டமான கேமும் 0.1 விநாடி உதவியும்

போன எபிசோட்ல செகிரோ பத்திப் பேசினதும் நிறைய மெசேஜ் வந்துச்சு. பாதிப் பேர் கேட்டது ஒண்ணுதான்: "ஈஸி மோட் வெச்சா அப்புறம் அந்த கேமுக்கு என்ன மரியாதை?"

நியாயமான கேள்வி. 2019ல வந்த செகிரோவுல கஷ்டத்தைக் குறைக்கிற ஆப்ஷனே கிடையாது. ஜெனிச்சிரோவை நீங்க ஜெயிச்சதும் நான் ஜெயிச்சதும் ஒரே சண்டை. அந்தக் கெத்து எனக்கும் பிடிக்கும்.

ஆனா 2018ல வந்த செலெஸ்ட்டை எடுத்துக்கங்க. மலை ஏறுற ஒரு பொண்ணோட கதை. முடிக்கிறதுக்குள்ள நூத்துக்கணக்குல சாவோம். அதுல அசிஸ்ட் மோட்னு ஒண்ணு இருக்கு. ஈஸி, நார்மல், ஹார்டுனு மூணு பட்டன் இல்ல. கேமோட வேகத்தை 50 சதவீதம் வரை குறைக்கலாம். பிடிமானம் தீராம வெச்சுக்கலாம். சாகாமலே இருக்கலாம். எது வேணுமோ அதை மட்டும் ஆன் பண்ணிக்கலாம்.

இங்கதான் விஷயமே. எங்க குதிக்கணும், எப்ப டேஷ் பண்ணணும்னு கண்டுபிடிக்கிறது ஒரு கஷ்டம். அதை விரல் சரியான நேரத்துல செய்யறது வேற கஷ்டம். கை நடுக்கம் இருக்கிற ஒருத்தர் வேகத்தை 70க்கு இறக்கினா ரெண்டாவதுதான் குறையுது. புதிர் அப்படியே இருக்கு. அவரும் சாவார், திரும்ப ஏறுவார்.

"அது சீட்டிங்"னு சொல்றவங்க செலெஸ்ட்டோட பிளேயர் கோடைப் படிச்சுப் பாருங்க, டீமே வெளியிட்டிருக்காங்க. விளிம்பைத் தாண்டின பிறகும் 0.1 விநாடி வரை ஜம்ப் வேலை செய்யும். பேரு கொயோட்டி டைம். கார்ட்டூன்ல குன்றைத் தாண்டி ஓடியும் கீழ பார்க்கிற வரைக்கும் விழாதே, அந்த ஜந்துவோட பேருதான். இது எல்லாருக்கும் எப்பவும் ஆன்ல இருக்கு. "எந்த உதவியும் இல்லாம முடிச்சேன்"னு சொல்றவரும் இந்த உதவியோடதான் முடிச்சிருக்கார்.

ஒரு குறை இருந்துச்சு. முதல் தடவை அசிஸ்ட் மோட் இல்லாம ஆடுங்கங்கிற மாதிரி மெனுவுல ஒரு அறிவுரை. சாய்தளத்துல வர்றவர்கிட்ட "முதல்ல படியில ஏறிப் பாருங்களேன்"னு சொல்ற கதைதான். அப்புறம் அந்த வாசகத்தை மாத்திட்டாங்க.

செகிரோவுல டைமிங்தான் கேமே, ஒத்துக்கறேன். வேகத்தைக் குறைச்சா கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனா கத்தி எப்ப வரும்னு படிக்கிற வேலை போகாது. அதனால இப்போ இருக்கிற சண்டை டீஃபால்ட்டா இருக்கட்டும், மெனுவுல ஓரமா ஒரு ஸ்பீடு ஸ்லைடர் வைங்க. நான் தொடமாட்டேன். தொடறவரால என் ஜெனிச்சிரோ கணக்குல ஒண்ணும் குறையப் போறதில்ல.