திசைச்சொல்லும் செந்தமிழும்

(தென்னேரித் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



இவ்வூர் ஏரிக்குத் திரையன் பெயரால் திரையனேரி என்னும் பெயர் இருந்ததென்றும், அதுவே மக்கள் நாவில் தேய்ந்து தென்னேரி ஆயிற்றென்றும் அறிஞர் கூறுவர். நா சொல்லைத் தேய்க்கும். அஃது எம்மொழிக்கும் இயல்பு. ஆனால் இப்பக்கத்துச் சிறுவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, 'அப்பா கயனிக்குப் போய்க்கீறாரு' என்றால் வகுப்பே சிரிக்கின்றது. ஆசிரியர் சிலரும் உடன் சிரிக்கின்றனர். அடுத்தவன், 'பாதர் பீல்டுக்குப் போயிருக்கார்' என்றால் ஒருவரும் சிரிப்பதில்லை!

முன்னவன் வாயில் அயற்சொல் ஒன்றேனும் வந்ததா? கயனி என்பது கழனி. சங்கச் சான்றோர் ஆண்ட சொல். கீறார் என்பது இருக்கிறார் என்பதன் குறுக்கம். 'வந்துகினு' என்பதில் உள்ள 'கினு' 'கொண்டு' என்பதன் திரிபே. இங்கு ழகரம் யகரமாகின்றது. மதுரையிலும் நெல்லையிலும் அதுவே ளகரமாகிப் 'பளம்' என்றாகின்றது. இரண்டும் வழுவே. ஆயினும் வடபகுதியார் பேச்சை மட்டும் திரைப்படக்காரர் போக்கிலிக்கும் கோமாளிக்கும் உரியதாக்கி விட்டனர். ழகரத்தைத் திருத்துவது ஆசிரியன் கடமை. சிரிப்பது எவன் கடமை?

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பில் வழங்குவன திசைச்சொற்கள் என்றார். அவற்றை அவர் இழித்துரைக்கவில்லை. செய்யுட்குரிய சொல்லாகவே ஏற்றார் என்பதை நம் புலவர் பலர் மறந்தனர். உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. தென்பாண்டி நாட்டார் ஆவைப் பெற்றம் என்பர். பூழிநாட்டார் நாயை ஞமலி என்பர். அருவா நாட்டார் வயலைச் செறு என்றும் சிறுகுளத்தைக் கேணி என்றும் வழங்குவர். இவற்றுள் எது கொச்சை?

வீட்டு மூலையில் கிடக்கும் பொருளொன்றையே பாருங்கள். தொண்டை நாட்டில் அது துடைப்பம், சோழநாட்டில் விளக்குமாறு, நெல்லையில் வாரியல், கொங்கில் சீமாறு. துடைப்பது, விளக்குவது, வாருவது, சீப்பது என ஒரே வேலையை நான்கு கண்கொண்டு பார்த்துப் படைத்த சொற்கள்! நான்கும் தனித்தமிழ். கல்லாத பெண்டிர் காத்துவந்த இச்செல்வத்தை விட்டுப் புதுச்சொல் வேண்டுமென்று வடமொழிக் கடைக்கு ஓடியவர்கள் படித்தவர்களே.

ஈழத்தைப் பாருங்கள். அ, இ, உ என்னும் மூன்று சுட்டில் இடைநின்ற உகரத்தைத் தாய்த்தமிழகப் பேச்சு இழந்துவிட்டது. யாழ்ப்பாணத்தாரோ இன்றும் உவன், உது என்கின்றனர். தமிழகத்தில் நூலில் மட்டும் உள்ளது அங்கே அடுக்களையில் உள்ளது.

இங்கிலாந்தில் சோசப்பு இரைட்டு என்பார், சிறுவனாய் ஆலையில் உழைத்து, ஏறத்தாழப் பதினைந்து அகவையில்தான் படிக்கக் கற்றார். பின்னர் ஆக்சுபோர்டில் பேராசிரியரானார். 1898 முதல் 1905 வரை ஆங்கில வட்டார வழக்கு அகரமுதலியை ஆறு மடலங்களாக வெளியிட்டார். இசுபானிய மொழியின் கதை வேறு. இசுபெயினில் பெரும்பாலார் பல்லிடை நா வைத்து ஒலிக்கும் எழுத்தை அமெரிக்க நாடுகளில் சகரம் போல் ஒலிக்கின்றனர். அர்செந்தீனாவில் 'நீ' என்பதற்குச் சொல்லே வேறு. 1713-இல் மதரீதில் தோன்றிய மொழிக்கழகம் தனித்தே ஆணையிட்ட காலம் போயிற்று. 1951-இல் மெக்சிகோவில் கூடியபின் பன்னாட்டுக் கழகங்களும் ஒன்றாயின. எந்நாட்டு வழக்கு என்னும் குறிப்புடன் சொற்கள் பொது அகராதியில் ஏறுகின்றன. பேச்சு பல, எழுத்து ஒன்று என்னும் ஒழுங்கு அவர்களைப் பிரியாமல் காக்கின்றது.

இந்த ஒழுங்கை இங்குச் சிலர் உடைக்கப் பார்க்கின்றனர். அவரவர் பேசுவதையே அவரவர் எழுதட்டும் என்பது அவர் கூற்று. கேட்க இனிதாய்த்தான் இருக்கின்றது. குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர், குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர் என்று உரையாசிரியர் எழுதியபோது அவை தமிழின் திசைச்சொற்கள். இன்று அச்சன் எம்மொழிச் சொல்? வழக்கு வேறுபட்டதனால் மட்டும் அந்நிலம் பிரியவில்லை. வடமொழி அளவின்றிக் கலந்ததும், எழுத்து வழக்கு வேறானதுமே பிரித்தன. வட்டாரச் சொல்லைக் கொள்க, பொதுநடையைக் கைவிடற்க.

சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் உலக வழக்குச் சொற்கள் பல விடுபட்டனவென்று பாவாணர் ஓயாது இடித்துரைத்தார். 1974-இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார், 1981-இல் மறைந்தார், முதல் மடலம் 1985-இல்தான் வந்தது. கரிசல் வட்டாரச் சொற்களைக் கி. இராசநாராயணன் 1982-இல் தொகுத்தளித்தார். கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் 2000-இல் அளித்தார். இருவரும் கதையாசிரியர்கள். புலவர் செய்திருக்க வேண்டிய பணி அது.

காஞ்சியின் தறிக்குழிகளில் பாவு, ஊடை, தார், கோர்வை, பேட்டு என்று நூற்றுக்கணக்கான சொற்கள் இன்னும் வழங்குகின்றன. மக்கள் வேறு வேலைக்குப் போகப் போகத் தறி ஒவ்வொன்றாய் நிற்கின்றது. இங்குள்ள மாணவர்கள் இந்த விடுமுறையில் ஆளுக்கொரு சுவடி கொண்டு, நெய்யும் முதியவர் ஒருவர் அருகில் அமருங்கள். அறுந்த இழையை முடிவதற்கு அவர் என்ன சொல் வைத்திருக்கிறார், தறியின் சிற்றுறுப்புகளுக்கு என்னென்ன பெயர் என்று கேளுங்கள். அவர் ஒலித்தபடியே முதலில் எழுதுங்கள், ஊரையும் குறியுங்கள். ழகரத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.