வென்ற தளபதிகளைக் கொன்ற ஊர்

(இளைஞர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பண்டைய கிரேக்கப் போர்களைப் பற்றிப் பேசும்படி முகாம் பொறுப்பாளர்கள் பணித்திருக்கிறார்கள். மௌலவிக்கு கிரேக்கத்தில் என்ன வேலை என்று பின்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. அப்பாசிய கலீஃபாக்களின் ஆதரவில் பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபுக்கு வந்தன. பிளாட்டோவின் அரசியல் நூலுக்கு குர்துபாவில் காழியாக இருந்த இப்னு ருஷ்து விளக்கமே எழுதினார். ஆகவே நமக்கு இது அந்நியச் சரக்கு அல்ல!

ஏதென்ஸ், ஸ்பார்ட்டா என்ற இரு நகர அரசுகள் கி.மு. 431 முதல் 404 வரை 27 ஆண்டுகள் மோதின. ஸ்பார்ட்டாவுக்குத் தரைப்படை பலம். ஏதென்ஸுக்குக் கடற்படை பலம். வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்: ஏதென்ஸ் மக்கள் உண்ட தானியத்தில் பெரும்பங்கு கருங்கடல் பக்கமிருந்து கப்பலில் வந்தது. கடல் வழி அடைபட்டால் ஊர் பட்டினி. பாரசீக இளவரசர் சைரஸின் பணத்தைக் கொண்டு ஸ்பார்ட்டா தளபதி லைசாண்டர் துடுப்புக்காரர்களின் நாள்கூலியை 3 ஓபலிலிருந்து 4 ஓபலாக உயர்த்தினார். போர்க்களத்துக்கு முன்பே கல்லாப்பெட்டியிலும் போட்டி நடந்தது.

கி.மு. 406-இல் ஏதென்ஸின் கப்பற்படை ஒன்று லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி துறைமுகத்தில் முற்றுகையில் சிக்கியது. சேதி ஊருக்கு எட்டியதும் 30 நாட்களில் 110 கப்பல்களைத் திரட்டினார்கள். அடிமைகளையும் துடுப்புப் பிடிக்க ஏற்றினார்கள். வழியில் நேச நாட்டுக் கப்பல்களும் சேர, எண்ணிக்கை 150-ஐத் தாண்டியது. அர்ஜினூசே தீவுகளுக்கு அருகே 120 கப்பல்களுடன் வந்த ஸ்பார்ட்டா படையை முறியடித்தார்கள். எதிரி இழந்தது ஏறத்தாழ 70 கப்பல்கள். அவர்களுடைய தளபதி கல்லிக்ராட்டிடஸ் கடலில் விழுந்து மறைந்தார். பெரும் வெற்றி!

ஆனால் ஏதென்ஸ் தரப்பிலும் 25 கப்பல்கள் போயின. ஒரு கப்பலில் சுமார் 200 பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். உடைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்களை என்ன செய்வது? எட்டுத் தளபதிகளும் கலந்து பேசினார்கள். எல்லாக் கப்பல்களும் மீட்புக்குப் போகட்டும் என்றார் டயோமிடன். எல்லாம் மிட்டிலீனிக்கு விரையட்டும் என்றார் எராசினிடஸ். இரண்டாகப் பிரியலாம் என்றார் திராசிலஸ். அதுவே முடிவாயிற்று. மீட்புப் பணி 47 கப்பல்களோடு தெராமினிஸ், திராசிபூலஸ் முதலியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் புயல் அடித்தது. மீட்பு நடக்கவில்லை.

ஊரில் கோபம் மூண்டது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் தகப்பனின் கோபம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கோபத்தைக் கையில் எடுத்தவர்களைத்தான் பார்க்க வேண்டும். மீட்கப் பொறுப்பேற்ற அதே தெராமினிஸ்தான் தளபதிகள் மீது குற்றம் சாட்டி முன்னால் நின்றார்! முதல் நாள் கூட்டம் தளபதிகளுக்குச் சாதகமாகத் திரும்பியது. ஆனால் இருட்டிவிட்டதால், தூக்கிய கைகளை எண்ண முடியாது என்று ஒத்தி வைத்தார்கள். இடையில் ஒரு பண்டிகை வந்தது. தெராமினிஸின் ஆட்கள் பலருக்குக் கறுப்பு உடுத்தி, தலையை மழித்து, இறந்தவர்களின் உறவினர் போலச் சபைக்கு அழைத்து வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஸெனஃபோன் எழுதுகிறார்.

கல்லிக்ஸெனஸ் என்பவர் தீர்மானம் கொண்டு வந்தார்: எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு, குற்றம் என்றால் மரண தண்டனை. இது சட்டத்துக்கு விரோதம், ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரியுங்கள் என்று யூரிப்டோலமஸ் மன்றாடினார். மக்கள் நினைத்ததைச் செய்ய விடாமல் தடுப்பதா என்று கூட்டம் கூச்சலிட்டது. தடுப்பவர்களையும் அதே வாக்கில் சேர்ப்போம் என்று மிரட்டினார்கள். சபையை நடத்திய குழுவினர் பயந்து பணிந்தார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். நம் அரபு நூல்கள் சுக்ராத் என்று குறிப்பிடும் சாக்ரடீஸ் அவர்.

இரண்டு தளபதிகள் முன்பே ஊர் திரும்பாமல் தப்பியிருந்தார்கள். மற்ற ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் மீட்கப் போவோம் என்று சொன்ன டயோமிடனும், வேண்டாம் என்ற எராசினிடஸும் ஒரே வாக்கில் செத்தார்கள்! மூழ்கிய கப்பலிலிருந்து உயிர் தப்பிய ஒரு தளபதியும் தண்டனைக்குரியவர் பட்டியலில் இருந்தார். எங்கே போயிற்று விசாரணை?

அடுத்த ஆண்டே, கி.மு. 405-இல், தானியம் வரும் அதே கடல் வழியில், ஈகோஸ்பொட்டமியில் லைசாண்டர் ஏதென்ஸின் ஏறத்தாழ 170 கப்பல்களைக் கரையிலேயே பிடித்தார். கி.மு. 404-இல் பசியால் ஊர் சரணடைந்தது. மதில்கள் இடிக்கப்பட்டன. தெராமினிஸ் அந்த ஆண்டு அமைந்த முப்பதின்மர் ஆட்சியில் ஒருவரானார். தம் கூட்டாளி கிரிட்டியாஸின் கையாலேயே நஞ்சருந்தி மாண்டார். கல்லிக்ஸெனஸ் தப்பியோடி, பிறகு ஊர் திரும்பி, எல்லோரும் வெறுக்கப் பட்டினியால் இறந்தார். அந்த ஆறு பேரைக் கொன்றதுதான் தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாரசீகப் பணமும் இருந்தது. ஆனால் வென்றாலும் தூக்கு என்றால், துணிந்து முடிவெடுக்கும் தளபதி எங்கிருந்து வருவார்?

உஹதை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 3. மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்கொள்ளலாம் என்பது கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம். வெளியே சென்று போரிட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் இளைஞர்கள் அதிகம். குன்றில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளில் பெரும்பாலோர் கட்டளையை மீறி இறங்கினார்கள். 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகு வந்த இறைக்கட்டளை என்ன? அவர்களை மன்னித்து, அவர்களுடன் தொடர்ந்து மஷூரா செய்யும்படி! மஷூராவால்தான் இந்த இழப்பு வந்தது என்று மஷூராவை மூடவில்லை.

நாளைய பொதுக்குழுவுக்காக ஒரு தாள் கையெழுத்துக்குச் சுற்றி வருகிறது. நிர்வாகிகள் அனைவரையும் ஒரே தீர்மானத்தில் நீக்க வேண்டுமாம். கொண்டு வாருங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் செய்த தவறு என்ன என்று எழுதுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். கணக்குப் புத்தகங்களை இஷாவுக்குப் பிறகு மேடைக்குப் பின்னுள்ள அறையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்களும் போடாதவர்களும் வந்து புரட்டிப் பார்க்கலாம். வஸ்ஸலாம்.