பால்வாடி மாவுக்கு முகச் சாட்சியா?

(ராஜகுளத்தில் பேசியது)



பால்வாடியில் சத்துமாவு வாங்க, தாய் தன் முகத்தைச் செல்போனில் காட்ட வேண்டுமாம். 2021ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பிள்ளையின் எடை, உயரம், தாயின் ஆதார், செல் நம்பர் எல்லாம் ஏறுகின்றன. 2025 ஜூலை 1 முதல் முகப்பதிவும் கட்டாயம் என்றது டில்லி. நாற்று நட்டு வெயிலில் கறுத்த முகம் ஆதார் படத்தோடு ஒத்துப்போகாவிட்டால்? சிக்னல் கிடைக்காவிட்டால்? டீச்சரோடு நமக்குச் சண்டையில்லை. அவரும் நம்மைப்போல் உழைப்பவரே.

ஆதார் இல்லையென்று எந்தக் குழந்தைக்கும் சலுகையை மறுக்கக் கூடாதென்று 2018 செப்டம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது. குழந்தையின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமென்கிறது 2023ல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டம். விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன! மானியம், சலுகை வழங்கும் சர்க்காருக்கோ அதே சட்டம் பல சந்தர்ப்பங்களில் சம்மதமே வேண்டாமென்று விட்டுவிடுகிறது. கம்பெனிக்குப் பூட்டு, தனக்குத் திறந்த வாசல்!

குடவோலை விதிகளை எல்லோரும் பார்க்க மண்டபச் சுவரில் வெட்டிவைத்த உத்திரமேரூர் நம் பக்கத்து ஊர். நாம் கேட்பதும் அதுதான். என்ன விவரம் எடுக்கிறார்கள், பிள்ளைகள் படம் யார் கைக்குப் போகிறது, எப்போது அழிப்பார்கள் என்று பால்வாடிச் சுவரில் தமிழில் எழுதி வைக்கட்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.