குழாய் நீங்கிய சுவர்



பழைய இரும்புக் குழாயைக் கழற்றியபின் வெளிச்சுவரில் எஞ்சும் துவாரம் சிறிதுதான். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சுவரில் அறையும்போது, நீர் அவ்வழியே புகுந்து சுவரின் உள்ளிடத்தை நனைத்துவிடும். ஆதலின் மாரி தொடங்குமுன் அதனை அடைத்தல் வேண்டும்.

வாயை மட்டும் பூசி மூடுதல் போதாது. தளர்ந்த காரையையும் துருவையும் சுரண்டி, தூசி போக்கி, துவாரத்தை நீரால் நனையுங்கள். உலர்ந்த சுவர் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். அப்போது சாந்து வெடித்துக் கழன்றுபோகும். ஆழமான துவாரமாயின் கற்துண்டுகளைச் சாந்துடன் இறுக்கி, அடுக்கடுக்காக நிரப்புங்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பல சுண்ணக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. அவற்றைச் சீமெந்தால் அடைப்பது தகாது. கடினமான சீமெந்து ஈரத்தை வெளிவிடாது தடுக்க, அருகிலுள்ள மென்மையான சாந்தே உதிரும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் சேர்த்த சாந்தே அங்கு ஏற்றது. சீமெந்துக் கற்சுவருக்குச் சீமெந்துச் சாந்து பொருந்தும். அடைத்தபின் ஈரச் சாக்கிட்டு, சில நாட்கள் வெயிலினின்று காத்தல் நன்று.

சுவர் எதனால் ஆயதோ, அதனாலேயே அதன் புண்ணை ஆற்றுதல் வேண்டும்.