பழைய வாத்தியம் வாங்கப் போகிறீர்களா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும், குடியிருப்போர் தங்கள் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றிக் காரசாரமாகப் பேசி முடித்த கையோடு வாத்தியம் பற்றிக் கேட்கச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது யூகலேலி. கித்தாரின் கடைக்குட்டித் தம்பி மாதிரி இருக்கும், நாலே தந்தி. நம் வளாகத்துக் குழந்தைகள் சிலரும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இது கடையில் வாங்கிய புதுசு அல்ல. ஏறக்குறைய நூறு வயதானது. போன வருஷம் மகள் வீட்டில் தங்குவதற்காக சான் ஓசே போயிருந்தபோது, அங்கே நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடி வாசிக்கும் குழுவில் சேர்ந்தேன். அந்தக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் வாங்கியது இது.

முதலில் இதன் பூர்வீகம். 1879 ஆகஸ்ட் மாதம், போர்ச்சுகலைச் சேர்ந்த மடேரா தீவிலிருந்து ‘ராவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவுக்கு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக வந்தவர்களில் மரவேலை தெரிந்த மூன்று பேர் இருந்தார்கள். தங்கள் ஊர்ச் சிறு தந்தி வாத்தியத்தை உள்ளூர் மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் யூகலேலி ஆயிற்று. ஹவாய் மொழியில் இந்தப் பெயருக்குத் ‘துள்ளும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள் சொல்வார்கள். வாசிப்பவரின் விரல் துள்ளுவதைப் பார்த்து வைத்த பெயராம். ஹவாய் மன்னர் கலாகவா இதை அரண்மனை விருந்துகளுக்கே கொண்டுபோனார்.

மரத்தின் பெயர் கோவா. நம் கோவா மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹவாயில் மட்டும் இயற்கையாக வளரும் மரம், நம்மூர்க் கருவேல மரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

இப்போது இதன் தலைப் பக்கத்தைப் பாருங்கள். ‘குமலாய்’ என்ற பெயரும் ‘தங்க விருது, 1915’ என்ற முத்திரையும் இருக்கின்றன. ஜோனா குமலாய் ஹொனலுலுவில் யூகலேலித் தொழிற்சாலை நடத்தியவர். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் அவருடைய யூகலேலிகளுக்கு விருது கிடைத்தது. அமெரிக்கா முழுவதும் யூகலேலி மோகம் பரவியதும் அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான்.

முத்திரையைப் பார்க்கும் யாரும் இது 1915இல் செய்தது என்றுதான் நினைப்பார்கள். அந்த அம்மா நான் கேட்காமலே சொன்னார்: “அது விருது வாங்கிய வருஷம். செய்த வருஷம் அல்ல. அதற்குப் பிறகு பல வருஷங்கள் எல்லாவற்றிலும் இதே முத்திரையைத்தான் ஒட்டினார்கள். இது 1920களில் செய்ததாக இருக்கும்.” பழசுக்கு மதிப்பு அதிகம் என்பது அவருக்குத் தெரியாதா? சும்மா இருந்திருந்தால் கூடுதல் விலை கேட்டிருக்கலாம்.

அதோடு விடவில்லை. பின்பலகையைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலைத் தடவிக் காட்டினார். செல்போன் டார்ச்சை ஒலித்துளைக்குள் அடித்து, உள்ளே அந்த விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்த சின்னச் சின்ன மரச் சில்லுகளையும் காட்டினார். “பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சரிசெய்தது. அதற்குப் பிறகு நகரவில்லை” என்றார்.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். பழைய வாத்தியம் வாங்கும்போது நாம் மரத்துக்கும் தந்திக்கும் மட்டும் காசு கொடுப்பதில்லை. அது எப்படி வாழ்ந்தது என்ற உண்மைக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். அந்த உண்மையை வாசிக்கிறவரால்தான் சொல்ல முடியும். ஆகவே முடிந்தவரை வாசிக்கிறவரிடமே வாங்குங்கள். “எந்த வருஷம்?” என்று கேட்பதற்கு முன், “எங்கே வைத்திருந்தீர்கள், கடைசியாக எப்போது வாசித்தீர்கள், என்னென்ன பழுது பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள்.

நம்பிக்கை இருந்தாலும் பரிசோதனை வேண்டும். நல்ல மனிதர்கள் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தலைப் பக்கத்திலிருந்து கழுத்து நெடுகக் கண்ணை ஓட்டுங்கள், வளைந்திருந்தால் தெரியும். தந்தி கட்டும் குதிரையின் ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் குதிரை கிளம்பத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மெட்டிலும் விரலை வைத்து மீட்டுங்கள். பன்னிரண்டாவது மெட்டில் வரும் ஸ்வரம், திறந்த தந்தியின் மேல் ஸ்தாயியோடு சேர வேண்டும். பிருடைகள் மரத்தால் ஆனவை என்றால், சுருதி சேர்த்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். நிற்கிறதா, நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். உலோகத் தந்தி மாட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். இந்த மெல்லிய பலகை நரம்புத் தந்திக்காகச் செய்தது. இப்போது நைலான் போடுகிறார்கள். இரும்புத் தந்தியின் இழுப்பை இது தாங்காது.

வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பழைய வாத்தியங்கள் சிலவற்றில் பிரேசில் ரோஸ்வுட், தந்தம், ஆமையோடு போன்றவை இருக்கும். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. முழுக்கக் கோவா மரத்தில் செய்த இதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

விலை? 450 டாலர் சொன்னார். நான் பேரம் பேசவில்லை. குறையை அவரே சொல்லி, அதற்கேற்ற விலையையும் அவரே சொன்ன பிறகு பேரம் பேச என்ன இருக்கிறது?

மூட்டுவலியால் அவரால் தந்தியை அழுத்த முடியவில்லை. அதனால்தான் விற்றார். ஒரே ஒரு நிபந்தனை: “சுவரில் அலங்காரமாக மாட்டிவிடாதீர்கள்.” பெட்டிக்குள் ஒரு தாளும் வைத்திருந்தார். யாரிடமிருந்து எப்போது வாங்கினார், விரிசலை எந்த வருஷம் சரிசெய்தார், எந்தத் தந்தி பொருந்தியது என்று வரி வரியாக எழுதியிருந்தார். கீழே பாதித் தாள் காலியாக இருந்தது.

அதில் இப்போது நானும் எழுதுகிறேன். சென்னை ஈரப்பதம் இதற்குப் புதுசு. மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் உகந்தது என்பார்கள். நம் மழைக்காலத்தில் அது நடக்காத காரியம். ராத்திரி ஏசி, பகலில் பால்கனிக் காற்று என்று மாறி மாறிப் பட்டால் மரம் விரிந்து சுருங்கி வெடிக்கும். அதனால் பெட்டிக்குள்தான் வாசம், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். மேல்தளத்துப் பரணிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்கவே கூடாது. பழைய தச்சர்கள் ஒட்டிய வஜ்ரப் பசை சூட்டில் இளகிவிடும். இணைப்பு விட்டால் உடனடிப் பசையைத் தடவாமல், வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வஜ்ரப் பசையைப் பிரித்துத் திரும்ப ஒட்டலாம். உடனடிப் பசையைப் பிரிப்பது பெரும்பாடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வளாகத்திலேயே எத்தனையோ பரண்களில் அம்மாவின் வீணையோ தாத்தாவின் ஹார்மோனியமோ தூங்கிக்கொண்டிருக்கும். கொடுப்பதென்றால் வாசிக்கிறவருக்குக் கொடுங்கள், குறையைச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு தாள் எடுத்து, தெரிந்ததை எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கிளப் ஹவுஸில் வாசித்துக்கொண்டிருப்பேன். குழந்தைகளை அழைத்து வாருங்கள். கை கழுவிவிட்டு யார் வேண்டுமானாலும் மீட்டிப் பார்க்கலாம்.