பீடத்தின் முன் கேட்கப்படும் முதல் கேள்வி

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)

 

நம் காரைக்கால் மண் 1954 நவம்பர் 1-ஆம் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் பாரிசில் என்று வாழ்கிறவர்கள் பலர். ஆகவே, ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ளலாமா என்ற விவாதம் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

பிரான்சில் 2013 மே மாதம் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கே, வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமாகாது என்று 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், திருமண உரிமை கேட்டுச் சென்றபோது, 2023 அக்டோபர் 17-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ஏற்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின.

அண்ணன் பிள்ளைக்கு ஒரு சட்டம், தம்பி பிள்ளைக்கு ஒரு சட்டம். இதில் நாம் எதைப் பிடித்துக்கொள்வது?

பிரான்சில் திருமணம் முடித்த நம்மவர்களுக்கு இதற்கு விடை தெரியும். அங்கே முதலில் நகர மன்றத்தில் மேயர் முன்னிலையில் திருமணம். அதன் பிறகுதான் கோவில். மேயர் தந்த சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே நம் மக்கள் கோவிலுக்கு வந்து மீண்டும் சம்மதம் சொல்கிறார்கள். அரசு குடிமக்களின் உரிமைகளையும் கடமைகளையும் பதிவு செய்கிறது. திருஅவை ஓர் அருளடையாளத்தைக் கொண்டாடுகிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் அருளடையாளம் மாறுவதில்லை.

மணவிலக்கு பற்றிப் பரிசேயர் கேட்டபோது, ஆண்டவர் இயேசு அவர்களைப் படைப்பின் தொடக்கத்திற்கே அழைத்துச் சென்றார் என்று மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டவர்கள், ஒருவருக்கு ஒருவர் தம்மை முழுவதும் கையளித்து, சாகும்வரை பிரியாமல், கடவுள் தரும் பிள்ளைகளை ஏற்று வாழ்வதையே திருஅவை திருமணம் என்று அழைக்கிறது. 2023 டிசம்பர் 18-ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட ஏடு ஒன்றைப் பற்றி நம்மிடையே குழப்பம் எழுந்தது. ஒரே பாலின இணையர் ஆசீர் கேட்டு வந்தால் எளிய முறையில் ஆசீர் வழங்கலாம் என்று அது சொன்னது உண்மை. அது திருமணச் சடங்கு போல் தோன்றக்கூடாது என்றும், திருமணம் பற்றிய போதனையில் மாற்றம் இல்லை என்றும் அதே ஏடு தெளிவாகச் சொல்கிறது.

அன்பானவர்களே, இதுவரை கேட்டதும், "அப்படியானால் நம் பக்கம் சரிதான்" என்று எழுந்துபோக நமக்கு ஆசை வரும். கொஞ்சம் பொறுப்போம்.

பீடத்தின் முன் நிற்கும் மணமக்களிடம் அருள்பணியாளர் சில கேள்விகளைக் கேட்கிறார். மாறாத அன்பைப் பற்றிக் கேட்கிறார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார். ஆனால் அவர் முதலில் கேட்பது, யாருடைய கட்டாயமும் இல்லாமல் வந்திருக்கிறார்களா என்பதைத்தான். மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதை வேறு எந்த மனித அதிகாரமும் அவர்களுக்காகத் தர முடியாது என்கிறது திருஅவைச் சட்டம் 1057. வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ நடந்த திருமணம் செல்லாது என்கிறது 1103.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். கல்யாணம் வேண்டாம் என்கிறான் மகன். காரணத்தை அம்மாவிடம் மட்டும் அழுதுகொண்டே சொல்கிறான். வீடே ஆடிப்போகிறது. "ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் பெரியப்பா. மகளாக இருந்தால் கைப்பேசியைப் பறித்து அறைக்குள் அடைக்கிறோம். பிறகு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது, தாலி மந்திரிக்கப்படுகிறது. முதல் கேள்விக்கு அந்தப் பிள்ளை, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி பதில் சொல்கிறது.

அந்தத் தாலியைக் கழுத்தில் வாங்கும் பெண்ணையும் நினைத்துப் பார்ப்போம். அவளும் ஒரு வீட்டின் செல்ல மகள்தானே? உண்மை தெரியாமல், தன்னிடம்தான் ஏதோ குறை என்று எத்தனை இரவுகள் அழுவாள்? அருளடையாளத்தை நாம் மருந்தாக்கிவிட்டோம். அதற்கான விலையை இரண்டு உயிர்கள் கொடுக்கின்றன. பாரம்பரியத் திருமணத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, அதன் முதல் கேள்வியைப் பொய்யாக்கிவிடுகிறோம்.

2021-ஆம் ஆண்டு, மதுரையில் வீட்டை விட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் பெண்களையும் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். தமக்கும் இதில் தெளிவு வேண்டும் என்று உளவியல் நிபுணர் ஒருவரிடம் தாமே போய் அமர்ந்தார். ஒருவருடைய பாலின நாட்டத்தைச் சிகிச்சையால் மாற்றுகிறோம் என்ற முயற்சிகளுக்கு ஜூன் 7-ஆம் நாள் ஆணையில் தடை விதித்தார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே முதலில் காது கொடுத்துக் கேட்டார். பெற்றவர்கள் நாம் கேட்க வேண்டாமா?

இத்தகைய நாட்டம் உள்ளவர்களை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு எதுவும் காட்டக்கூடாது என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2358-ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதற்கு அடுத்த எண்ணில் அவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கிறது. அது எளிய அழைப்பு அல்ல. அந்தப் பாதையில் நடப்பவரைத் தனியே விட்டுவிட்டுப் போதனையை மட்டும் நீட்டினால், பிறர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு விரலால்கூடத் தொடாதவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னது நமக்கும் பொருந்தும்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளை மனம் திறந்தால் கதவைச் சாத்தாதீர்கள். அடிக்காதீர்கள், வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள், அவசர அவசரமாக வரன் தேடாதீர்கள். உறவினரே, "இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை?" என்று கூட்டத்தின் நடுவே கேட்டுக் குத்தாதீர்கள். பங்கு மக்களாகிய நாம், மணமாகாத சகோதரருக்கும் சகோதரிக்கும் பாடகர் குழுவிலும் அன்பியத்திலும் கிறிஸ்துமஸ் விருந்திலும் இடம் வைப்போம். திருமுழுக்குத் தண்ணீர் அவர்கள் தலையிலும் ஊற்றப்பட்டதுதான்.

கானாவூர்த் திருமணத்தில் குறையைக் கண்ட அன்னை மரியா, யாரையும் வெட்கப்படுத்தாமல் அதைத் தம் மகனிடம் கொண்டு சென்றார். நாமும் நம் பிள்ளைகளின் கண்ணீரை ஆண்டவரிடம் கொண்டு செல்வோம். நம் குடும்பங்களில் உண்மையைப் பேசும் துணிவையும், பேசுகிறவரை அணைக்கும் இதயத்தையும் அவர் நமக்குத் தருவாராக. ஆமென்.