அறுந்த இணைப்பும் ஆராயும் முறையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் மணக்கும் இம்மேடையில் அலுவலக வைஃபையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது சிறிது தயங்கினேன். ஆயினும், நம் குடியிருப்பில் அலுவலகம் செல்வார் இல்லாத வீடு ஒன்றேனும் உண்டா? இணைப்பு அறுந்து அல்லற்படாதார் ஒருவரேனும் உளரா? ஆதலின் துணிந்து வந்தேன்.

யான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் நண்பகல்தோறும் கணக்குப் பிரிவினரின் மடிக்கணினிகள் இணைப்பை இழந்தன. பழி யார்மேல் விழுந்தது? கருவிகளைக் கவனித்துவந்த இளைஞர்மேல்! அவர் ஒப்பந்த ஊழியர். கவனக்குறைவு என்று குறிப்பு எழுதப்பட்டது. அலைபரப்பும் பெட்டிகளும் புதியனவாக வாங்கப்பட்டன. இணைப்போ முன்போலவே அறுந்தது. அவருடைய ஒப்பந்தம் முடிய இரண்டே வாரங்கள் இருந்தன.

அப்போது நாங்கள் செய்தது ஒன்றே. எப்போது அறுந்தது, எங்கே அறுந்தது, எவருக்கு அறுந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தோம். ஐந்து நாள் குறிப்பும் ஒன்றையே கூறியது. பகல் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை, உணவறையை ஒட்டிய மேசைகளில் மட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய கணினிகளுக்கு மட்டும். உணவறையில் இருந்தது மைக்ரோவேவ் அடுப்பு. அவ்வடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையாலேயே. அதன் கசிவு உடலுக்குத் தீங்கு செய்யாத அளவினதாயினும், மெல்லிய வைஃபை அலையைக் குலைக்கப் போதுமானது. புதிய பெட்டிகளும் அதே அலைவரிசையில் இயங்கியமையால் பயன் விளையவில்லை. கணினிகளை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாற்றினோம். இணைப்பு நிலைத்தது, இளைஞரும் பணியில் நிலைத்தார்.

எல்லாப் பழுதுக்கும் அடுப்பே காரணம் என்று கருதிவிடல் வேண்டா. நடந்து செல்லும்போது மட்டும் அறுகின்றதா? தொலைவிலுள்ள பழைய பெட்டியைக் கணினி விடாது பற்றியிருக்கலாம். எப்பெட்டியோடு சேர்வது என்று முடிவு செய்வது பெரும்பாலும் கணினியே, பெட்டியன்று. ஆதலின் பெட்டிகளின் வலிமையை மிகுத்தால் இந்நோய் வளருமேயன்றித் தணியாது.

தளம் முழுவதும் ஒருங்கே அறுந்து, சிறிது நேரத்தில் மீள்கின்றதா? 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையின் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகின்றது. ரேடார் அலை தென்பட்டால் பெட்டி அச்சேனலை விட்டு நீங்குதல் வேண்டும் என்பது விதி. விமான நிலையத்தை அடுத்துள்ள அலுவலகத்தார் இதனை மறவற்க.

அலை நன்றாயிருந்தும், கூட்டம் மிகுந்த நாளில் சிலருக்கு மட்டும் வலை கிட்டவில்லையா? ஐ.பி. முகவரிகளை எண்ணிப் பாருங்கள். வழக்கமான அமைப்பொன்றில் 254 முகவரிகளே உண்டு. 130 பேர் கணினியும் கைப்பேசியும் கொண்டுவரின் 260 வேண்டும். ஒருவர் கணினி மட்டும் அறுந்தால் பெட்டியைத் தொடாதீர்கள். அக்கணினியின் மின்சேமிப்பு அமைப்பையும் டிரைவரையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் எது நலம் தந்தது என்று அறியமாட்டோம். நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே தணிக்கும் வழி தேடுமாறு வள்ளுவர் மருத்துவர்க்குக் கூறினார். நாமோ நோயை விட்டு ஆளைத் தேடுகின்றோம். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நமக்கு, ஒருவர் பிழைப்பின் அருமை தெரியும். குறிப்பேட்டைத் திறப்பதற்கு முன் எவர்மீதும் விரல் நீட்டாதிருப்போமாக!